அம்மாவின் நோட்டும் எங்கள் வீட்டுப் படத்தொகுப்பும்

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கராக இருந்த காலத்தில் எடுத்த படங்களின் நெகட்டிவ்கள், அவர் காலமான பிறகும் பல ஆண்டுகள், பழைய செய்தித்தாளில் சுற்றப்பட்டு மலை வீட்டின் டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தன. ஏற்காட்டின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை அறிந்தவர்களுக்கு அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் பெட்டியைத் திறந்தபோது பல சுருள்களில் பூஞ்சை மரக்கிளை போலப் படர்ந்திருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே இறங்கி, சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கீழ்வீட்டில் அம்மாவும் என் குடும்பமும், மாடியில் அண்ணனின் குடும்பமும் இருக்கும் வீடு இது.

அப்பாவிடம் இருந்தது அக்ஃபா கிளிக் 3 கேமரா. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு சதுரப் படங்கள். கெட்டுப்போனவற்றை ஒதுக்கியபின் 412 படங்கள் தேறின. அவற்றை ஸ்கேனரில் 2400 டிபிஐ (அங்குலத்துக்கு 2400 புள்ளிகள்) அளவில் எடுத்தபோது ஒவ்வொன்றும் ஐம்பது மெகாபைட்டைத் தாண்டிய டிஃப் என்ற வகைப் படக் கோப்பாக வந்தது. இவற்றோடு திருமண ஆல்பங்களிலிருந்து ஸ்கேன் செய்தவை, 2004 முதல் டிஜிட்டல் கேமராவில் எடுத்தவை, நான்கு கைபேசிகளிலிருந்து வந்து குவிந்தவை என எல்லாம் சேர்ந்து இன்று சுமார் 38,000 கோப்புகள், 310 ஜிகாபைட். ஆனால் இந்தத் தொகுப்பின் உயிர் அந்த 412 படங்களில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். மற்றவற்றில் இருப்பவர்கள் யார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இந்த 412இல் இருப்பவர்களை அடையாளம் காட்ட அம்மா ஒருவரால்தான் முடியும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் கூடத்துக் கணினியின் பெரிய திரையில் ஒவ்வொரு படமாக வைத்து அம்மாவைக் கேட்டுப் பெயர்களைப் பதிவுசெய்தோம். "பின்னாடி நிக்கிறது உங்க சின்னத்தாத்தா, கண்ணு. அது காப்பிக் கொட்டை காயவெச்ச களம். உங்க அக்கா பொறக்கறதுக்கு முந்தின மார்கழி" என்று அம்மா சொல்லும்போது, அந்த ஒரே மூச்சில் ஆள், இடம், காலம் மூன்றும் கிடைத்துவிடும். காப்பிப் பழம் பறித்துக் காயவைப்பது கார்த்திகை முதல் தை வரையிலான வேலை என்பதால், களம் தெரிகிற எந்தப் படத்துக்கும் மாதத்தை ஏறத்தாழச் சொல்லிவிடலாம். நான் தட்டச்சு செய்துகொண்டிருக்க, அம்மா தன் பங்குக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பட எண்ணைப் போட்டுப் பெயர்களைத் தானும் எழுதிவந்தார். கணினியில் இருக்கிறதே, எதற்கு இரட்டை வேலை என்று நான் ஒருமுறை கேட்டேன். எழுதினால்தான் தனக்கு நினைவு வருகிறது என்றார்.

இந்த வேலை பாதியைத் தாண்டியபோதுதான் மற்றக் கணினிகளிலும் இதே தொகுப்பு வேண்டும் என்ற ஆசை எழுந்தது. கூடத்தில் இருப்பது விண்டோஸ் கணினி. என் மனைவியிடம் மேக்புக். என்னுடைய லேப்டாப்பில் லினக்ஸ் இயங்குதளம். மாடியில் அண்ணனிடம் இன்னொரு விண்டோஸ் லேப்டாப். படங்களை ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கீழும் மேலுமாகக் கைமாற்றிக்கொண்டிருந்ததில், ஒரே படத்துக்கு மூன்று பிரதிகளும், மூன்றில் எது திருத்தப்பட்டது என்ற குழப்பமும் மிஞ்சின. எல்லாரும் ஒரே இடத்திலிருந்து பார்க்க வேண்டும், ஒருவர் சேர்த்ததை மற்றவர் உடனே காண வேண்டும் என்பது நியாயமான விருப்பம்தானே என்று தோன்றியது. கூடத்துக் கணினியின் படக் கோப்புறையை வைஃபை வழியாகப் பகிர்ந்துவிட்டு, நாங்கள் பயன்படுத்திவந்த படமேலாண்மை மென்பொருளை மாடியிலும் நிறுவி, இரண்டையும் அந்த ஒரே தொகுப்பைத் திறக்கும்படி செய்தேன். மூன்று வாரங்கள் நன்றாகவே ஓடியது.

நான்காவது வாரம், நான் கீழே அம்மாவோடு பெயர்களைச் சேர்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், அண்ணன் மாடியில் பழைய திருமணப் படங்களுக்குக் குறிச்சொற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை மென்பொருள் திறக்க மறுத்தது. தரவுத்தளம் சிதைந்துவிட்டது என்ற ஒற்றை வரிச் செய்தி மட்டுமே வந்தது. படக் கோப்புகள் ஒன்றுகூடக் கெடவில்லை, எல்லாம் கோப்புறையில் அப்படியே இருந்தன. ஆனால் எட்டு மாதங்களாக அம்மா சொல்லி நான் பதிந்த பெயர்கள் எதுவும் இல்லை. பேக்கப் எடுத்தது படங்களை மட்டும்தான். பெயர்கள் அந்தப் படங்களுக்குள் இருப்பதாகவே நான் எண்ணியிருந்தேன்.

இதே ஏற்பாட்டைச் செய்ய நினைப்பவர்கள் பலர் இருப்பார்கள் என்பதால், என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நாம் படத்தொகுப்பு என்று ஒரே சொல்லால் குறிப்பிடுவது உண்மையில் இரண்டு வெவ்வேறு பொருள்கள். ஒன்று, படக் கோப்புகள். மற்றொன்று, எந்தப் படம் எந்த ஆல்பத்தில் இருக்கிறது, அதில் யார் இருக்கிறார், எத்தனை நட்சத்திரம் கொடுத்தோம் என்பவற்றையெல்லாம் வைத்திருக்கும் தரவுத்தளம். வீட்டுக் கணினிகளில் ஓடும் படமேலாண்மை மென்பொருள்கள் பல, இந்தத் தரவுத்தளத்துக்கு எஸ்க்யூலைட் என்பதையே பயன்படுத்துகின்றன. ஆப்பிளின் போட்டோஸ், அடோபியின் லைட்ரூம் கிளாசிக், டிஜிகேம், டார்க்டேபிள் ஆகிய எல்லாவற்றின் அடியிலும் இருப்பது அதுதான். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த எஸ்க்யூலைட், தரவுத்தளம் முழுவதையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும். மற்றக் கணினிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சர்வர் என்று தனியாக எதுவும் வேண்டியதில்லை. ஒரே கணினிக்குள் அதைவிட நம்பகமான ஏற்பாடு அரிது.

ஆனால் ஒரே கோப்பில் இரண்டு பேர் எழுத வந்தால், ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவரைக் காத்திருக்கச் செய்வதற்கு அது இயங்குதளத்தின் கோப்புப் பூட்டை நம்பியிருக்கிறது. ஒரே கணினிக்குள் அந்தப் பூட்டு உறுதியானது. நெட்வொர்க் வழியாகப் பகிரப்பட்ட கோப்புறையில் அந்தப் பூட்டைப் பற்றிய செய்தி ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குச் சரியாகப் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பூட்டியிருக்கிறது என்று ஒருவர் நம்ப, திறந்திருக்கிறது என்று இன்னொருவர் நம்ப, இருவரும் ஒரே பக்கத்தில் எழுதிவிடுவார்கள். எஸ்க்யூலைட்டை உருவாக்கியவர்களே தங்கள் ஆவணங்களில் இதை வெளிப்படையாக எச்சரித்திருக்கிறார்கள். அதன் வேகமான எழுதும் முறை ஒன்று, எழுதுபவர்களும் படிப்பவர்களும் ஒரே கணினியில் இருந்தால்தான் இயங்கும் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். லைட்ரூம் கிளாசிக், நெட்வொர்க் டிஸ்கில் வைத்த கேட்டலாகை, அதாவது தன் தரவுத்தளக் கோப்பை, திறக்கவே மறுத்துவிடும். அதை ஒரு குறையாக நான் முன்பு நினைத்ததுண்டு. இப்போது அது பயனரின் மீது கொண்ட அக்கறையாகவே எனக்குத் தெரிகிறது. ஆப்பிளும் போட்டோஸ் தொகுப்பை நெட்வொர்க் சேமிப்பில் வைக்க வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது. மேக்கில் ஒரே கோப்பைப் போலத் தோன்றும் அந்தத் தொகுப்பு உண்மையில் ஆயிரக்கணக்கான கோப்புகளும் ஒரு தரவுத்தளமும் அடங்கிய கோப்புறை.

சிலர் தரவுத்தளத்தை, கணினிகளுக்கிடையே தானாக ஒத்திசையும் கோப்புறைக்குள் போட்டுவிடலாம் என்று யோசனை சொல்வார்கள். அதுவும் ஆபத்தே. ஒத்திசைக்கும் மென்பொருள், கோப்பு மாறியதா என்பதை மட்டுமே பார்க்கும். பாதி எழுதப்பட்ட நிலையில் அதைத் தூக்கிக்கொண்டு போகவும் கூடும். இரண்டு கணினிகளில் இரண்டு விதமாக மாறியிருந்தால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை முரண்பட்ட பிரதி என்று தனியே ஒதுக்கும். நான் கீழே பதிந்த பெயர்களையும் அண்ணன் மேலே பதிந்த குறிச்சொற்களையும் ஒன்றாக இணைக்க அதற்குத் தெரியாது.

மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், வைத்துவிடலாம் என்பது அண்ணியின் யோசனை. அதை நாங்கள் உண்மையாகவே ஆலோசித்தோம். ஆப்பிளின் ஐகிளவுட் பகிர்வுத் தொகுப்பு 2022இல் வந்தது. ஆறு பேர் வரை ஒரே தொகுப்பைப் பயன்படுத்தலாம், எல்லாரும் சேர்க்கலாம், திருத்தலாம், நீக்கலாம். வீட்டில் எல்லாரும் ஆப்பிள் கருவிகளே வைத்திருந்தால் நான் தயங்காமல் அதையே பரிந்துரைப்பேன். எங்கள் நான்கு கணினிகளில் ஒன்றுதான் மேக். கூகுள் போட்டோஸ் எல்லாக் கணினிகளிலும் திறக்கும். ஆனால் 2021 ஜூன் 1 முதல் அதில் ஏற்றும் படங்கள் 15 ஜிகாபைட் இலவச இடத்திலேயே கணக்காகின்றன. 310 ஜிகாபைட்டை வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் மேலேற்றவே ஏறத்தாழ மூன்று பகலும் மூன்று இரவும் தடையின்றி வேண்டும். ஆண்டுதோறும் சந்தாவைக் கட்டத் தவறக்கூடாது என்ற கவலையை அம்மாவின் படங்கள் மீது ஏற்றிவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. இது என் சொந்தத் தெரிவு. எல்லாருக்கும் இதுவே சரி என்று வாதிட மாட்டேன்.

இறுதியில் வீட்டிலேயே அமைத்த ஏற்பாடு, ஒரு நெறியின் மேல் நிற்கிறது. படங்கள் ஒரே இடத்தில் இருக்கும், எல்லாரும் பார்ப்பார்கள், எழுதுவது ஒரே ஒரு கணினி. அண்ணன் அலுவலகத்தில் ஒதுக்கிய பழைய மேசைக் கணினி ஒன்றை விலைக்கு வாங்கி, 8 ஜிகாபைட் நினைவகமும் புதிய ஹார்ட் டிஸ்கும் போட்டு, லினக்ஸ் நிறுவி, பரணுக்குக் கீழே காற்றோட்டமான இடத்தில் வைத்தோம். அதுவே எங்கள் சர்வர். சம்பா என்ற மென்பொருளின் மூலம் அது இரண்டு கோப்புறைகளைப் பகிர்கிறது. ஒன்றின் பெயர் படங்கள். இதை எல்லாரும் திறக்கலாம், ஆனால் என் லேப்டாப்பிலிருந்து தவிர வேறு எதிலிருந்தும் மாற்ற முடியாது. மற்றொன்றின் பெயர் வரவு. இதில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம். ஞாயிறு தோறும் என் லேப்டாப்பிலிருந்து வரவில் இருப்பதைப் பார்த்து, இரட்டிப்புகளை நீக்கி, ஆண்டும் மாதமும் பார்த்துப் படங்கள் கோப்புறைக்கு மாற்றுவது என் பொறுப்பு.

மாற்ற முடியாதபடி பூட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அண்ணன் மகன் ஒருநாள் படங்களைப் பார்த்துக்கொண்டே, சாய்ந்திருந்தவற்றை நிமிர்த்திக்கொண்டு போயிருக்கிறான். அவன் பயன்படுத்திய பார்வை மென்பொருள் ஒவ்வொரு முறையும் மூலக் கோப்பையே மறுபடி எழுதிச் சேமித்திருக்கிறது. அவன் நல்லெண்ணத்தோடுதான் செய்தான். வீட்டில் எல்லாரும் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள் என்பதால்தான், தவறிப்போய்க்கூட மாறாதபடி கோப்புறையே தடுக்க வேண்டியிருக்கிறது.

அண்ணனுக்கு இந்த நெறியில் வருத்தம் இருந்தது. "தம்பி, அப்பா படம் எனக்கும் அப்பா படம்தானே, நான் ஒரு பேரை எழுதணும்னா உன்கிட்ட வந்து கேக்கணுமா?" என்றார். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு என் பதில், ஏட்டை இருவர் சேர்ந்து எழுதலாம், ஒரே பேனாவைப் பிடித்துக்கொண்டு எழுத முடியாது என்பதே. வரவுக்குள் குறிப்புகள் என்று ஒரு உள்கோப்புறை வைத்தோம். அண்ணன் பட எண்ணையும் பெயரையும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் எழுதி அதில் போட்டுவிடுவார், நான் அந்த வாரமே சேர்த்துவிடுவேன். ஏற்பாடு தொடங்கிய முதல் ஆண்டிலேயே நான் எழுதியவற்றைவிட அவர் எழுதியவை அதிகமாகிவிட்டன. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர்தான். நான் பிறந்ததே சேலம் வந்த பிறகு.

இனி பெயர்கள் எங்கே எழுதப்பட வேண்டும் என்பது. முதல் விபத்தில் நான் கற்றது இதுதான் என்பதால் இதில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறேன். நான் இப்போது பயன்படுத்தும் டிஜிகேமிலும் ஒரு தரவுத்தளம் உண்டு, அது என் லேப்டாப்பின் உள் டிஸ்கிலேயே இருக்கிறது. ஆனால் பெயர், தலைப்பு, நாள், முகத்தைச் சுற்றிய கட்டம் ஆகிய எல்லாவற்றையும் படக் கோப்பிலேயே மெட்டாடேட்டாவாக, அதாவது படத்தோடு சேர்ந்தே இருக்கும் குறிப்புகளாக, எழுதும்படி அதை அமைத்திருக்கிறேன். ஜேபெக் படங்களுக்கு அவை கோப்புக்குள்ளேயே எழுதப்படுகின்றன. அப்பாவின் டிஃப் ஸ்கேன்களைத் தொட மனமில்லாமல், அதே பெயரோடு அருகில் நிற்கும், குறிப்புகளை மட்டும் கொண்ட எக்ஸ்எம்பி என்ற சிறிய கோப்பில் எழுதவைத்தேன். நாளை டிஜிகேமின் தரவுத்தளம் முழுவதும் அழிந்தாலும், படங்களை மறுபடி படிக்கச் சொன்னால் எல்லாப் பெயர்களும் திரும்பி வந்துவிடும். இதை நம்பிக்கையின் பேரில் சொல்லவில்லை. வேண்டுமென்றே வெற்றுத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கிச் சோதித்துப் பார்த்தேன்.

தமிழில் எழுதுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படங்களுக்குள் குறிச்சொல் எழுத ஐபிடிசி என்ற பழைய தரம் ஒன்றும், 2001இல் அடோபி கொண்டுவந்த எக்ஸ்எம்பி என்ற தரமும் புழக்கத்தில் உள்ளன. பழைய ஐபிடிசியில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட் மட்டுமே இடம். ஆங்கிலத்துக்கு அது 64 எழுத்து. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். மெய்யின் புள்ளியும் ஒரு குறியீடு, துணைக்காலும் ஒரு குறியீடு. ஆகவே நமக்குக் கிடைப்பது 21 குறியீடுகளே. 'குகை வண்டி வேடிக்கை' என்பது 53 பைட், அதில் அடங்கிவிடும். 'கோட்டை மாரியம்மன் திருவிழா' என்பது 74 பைட். தரத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றும் மென்பொருள் அதை 'கோட்டை மாரியம்மன் திரு' என்ற அளவில் வெட்டிவிடும். எக்ஸ்எம்பியில் இந்த வரம்பு இல்லை. ஆடி மாதப் படங்களின் குறிச்சொற்கள் பாதியில் நிற்பதைக் கண்டு குழம்பி, ஒரு மாலை முழுவதும் பைட்டுகளை எண்ணிய பிறகே இது எனக்கு விளங்கியது. அன்றோடு ஐபிடிசியில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

இதைவிட நுட்பமான சிக்கல் கோப்புறைப் பெயர்களில் வந்தது. மனைவியின் மேக்கில் ஹெச்எஃப்எஸ் பிளஸ் என்ற பழைய கோப்பு அமைப்பு முறையில் இருந்த டிஸ்கிலிருந்து படங்களைச் சர்வருக்கு மாற்றியபோது, 'ஏற்காடு கோடை விழா' என்ற கோப்புறை இரண்டு இருந்தது. எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஆனால் உள்ளே வெவ்வேறு படங்கள். 'கொண்டலாம்பட்டி கல்யாணம்' என்பதும் இரண்டு. 'சேர்வராயன் மலை' மட்டும் ஒன்றே ஒன்று. என் கண்ணில்தான் கோளாறோ என்று நினைத்தேன். காரணம் நம் எழுத்திலேயே இருக்கிறது. கோ என்பதில் உள்ள ஓகாரக் குறியை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் இரண்டு வழிகளில் எழுதலாம். இரட்டைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு ஒன்றும் கால் ஒன்றுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பதுதான் யூனிகோடின் விதி. திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் அந்தப் பழைய மேக் டிஸ்க் எப்போதும் பிரித்தே சேமிக்கும். விண்டோஸில் தட்டச்சு செய்தது பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும். லினக்ஸோ பைட்டுகளை மட்டும் ஒப்பிட்டு, இவை இரண்டு வேறு பெயர்கள் என்று முடிவுசெய்யும். ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்களில் மட்டுமே இது நேரும். அதனால்தான் சேர்வராயன் தப்பித்தார்.

கன்வ்எம்வி என்ற சிறு கருவி எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றிக் கொடுத்தது. அதன்பின் கோப்புறைகளுக்கு எண்களால் மட்டுமே பெயரிடுகிறோம். 2019-05 என்றால் 2019 மே, அவ்வளவுதான். தமிழ் முழுவதும் படத்துக்கு உள்ளே, தலைப்பில் இருக்கிறது. தமிழில் கோப்புறைப் பெயர் வைக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரே வகைக் கணினி உள்ள வீட்டில் தாராளமாக வைக்கலாம். மூன்று இயங்குதளங்கள் கலந்த வீட்டில் இந்த ஒரு விட்டுக்கொடுத்தல் தேவைப்பட்டது.

நாள்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் செய்த படத்துக்கு ஸ்கேன் செய்த நாளே பதிவாகிவிடும். ஆகவே அப்பாவின் படங்கள் எல்லாம் 2017இல் போய் நின்றன. எடுத்த நாள் என்ற புலத்தைக் கையால் மாற்ற வேண்டும். ஆண்டு மட்டும் தெரிந்தால் அந்த ஆண்டின் ஜனவரி 1 என்றும், மாதமும் தெரிந்தால் அந்த மாதத்தின் முதல் நாள் என்றும் எழுதுவது எங்கள் வழக்கம். உறுதியில்லை என்பதைத் தலைப்பில் 'சுமார்' என்ற சொல்லால் குறிக்கிறோம்.

எல்லாரும் வசதியாகப் பார்ப்பதற்கு இம்மிச் என்ற திறந்தமூல மென்பொருளைச் சர்வரில் நிறுவினோம். அது படங்கள் கோப்புறையைப் படிக்க மட்டும் அனுமதி பெற்று, மெட்டாடேட்டாவிலிருந்து தலைப்பையும் நாளையும் எடுத்துக்கொண்டு, உலாவியிலேயே காட்டுகிறது. இதிலும் தரவுத்தளம் உண்டு. ஆனால் அது போஸ்ட்கிரெஸ்க்யூஎல், சர்வர் முறையில் இயங்குவது. நான்கு கணினிகளும் கோப்பைத் தொடுவதில்லை. நால்வரும் கேட்பது ஒரே சர்வரிடம், கோப்பைத் தொடுவது அந்தச் சர்வர் மட்டுமே. பூட்டு ஒருவர் கையிலேயே இருப்பதால் எத்தனை பேர் வந்தாலும் சிக்கல் இல்லை. முதல் முறை நான் செய்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. மனைவியின் ஐபோன் எடுக்கும் ஹெச்இஐசி படங்கள் கூடத்து விண்டோஸ் கணினியில் திறக்காமல் இருந்த தொல்லையும், உலாவிக்கு ஏற்ற வடிவில் இம்மிச் காட்டுவதால் தானாகத் தீர்ந்தது. பெயர்களை இம்மிச்சில் எழுதுவதில்லை என்று மட்டும் எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

வேகத்தைப் பொறுத்தவரை, வைஃபையை நம்பிப் பெரிய ஸ்கேன்களைத் திறக்க வேண்டாம். எங்கள் வீடு ஒன்றரை அடிச் சுவர் கொண்ட பழைய கட்டடம். மாடியில் வினாடிக்கு 5 மெகாபைட் வந்தாலே அதிகம். அந்தக் கணக்கில் தொகுப்பு முழுவதையும் நகலெடுக்கப் பதினேழு மணிநேரம் ஆகும். கேட் 6 கேபிள் ஒன்றை மாடிப்படிச் சன்னல் வழியாக இழுத்து ரவுட்டரில் சேர்த்தபின், ஜிகாபிட் இணைப்பில் வினாடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேல் வருகிறது. அதே வேலை ஒரு மணிநேரத்துக்குள் முடிந்துவிடும். செலவும் பெரிதில்லை. மின்வெட்டுக்காகச் சர்வருக்கு ஒரு சிறு யூபிஎஸ் வைத்திருக்கிறோம்.

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைப்பதன் ஆபத்து, அந்த ஒரே இடம் கெட்டுப்போனால் எல்லாமே போய்விடும் என்பது. இரண்டு டிஸ்குகளை ரெய்டு முறையில் இணைத்தால் போதும் என்று அண்ணன் நினைத்தார். ரெய்டு, ஒரு டிஸ்க் பழுதானால் மற்றொன்றில் வேலையைத் தொடர உதவும். தவறுதலாக நீக்கியதை இரண்டிலும் ஒரே நொடியில் நீக்கிவிடும். எனவே சர்வரிலிருந்து இரவுதோறும் தனி டிஸ்க் ஒன்றுக்குப் படங்களும், அவற்றோடு டிஜிகேம், இம்மிச் தரவுத்தளங்களின் பிரதியும் போகின்றன. மூன்றாவது பிரதி வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதால், அது ஏற்காட்டில் அக்கா வீட்டில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு டிஸ்கை மேலே கொண்டுபோய் வைத்து, அங்கிருப்பதைக் கீழே கொண்டுவருகிறோம். நெகட்டிவைக் கெடுத்த அதே ஈரம் இதையும் கெடுத்துவிடாதபடி, இறுக்கமாக மூடும் எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அக்கா அந்த டப்பாவை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். சமையலறையில் எப்போதும் அடுப்பு எரிவதால் வீட்டிலேயே ஈரம் குறைந்த இடம் அதுதான் என்பது அவருடைய கணிப்பு. எனக்கும் அது சரியாகவே படுகிறது.

அழிந்துபோன பெயர்கள் என்னவாயின என்பதைச் சொல்லவில்லையே. அம்மாவின் நாற்பது பக்க நோட்டு இருந்தது. விபத்து நடந்த அன்று நான் செய்வதறியாமல் உட்கார்ந்திருந்தபோது, அம்மா அதைக் கொண்டுவந்து விசைப்பலகையின் மேல் வைத்தார். அவரும் நானும் பதிவுசெய்திருந்த 268 படங்களில் 261இன் பெயர்கள் அதில் இருந்தன. சில இடங்களில் நான் கணினியில் எழுதாமல் விட்டவையும் இருந்தன. யார் யாருக்கு என்ன உறவு, எந்தச் சேலை எந்தத் தீபாவளிக்கு எடுத்தது, படத்தில் பாதி தெரியும் சில்வர் ஓக் மரம் எந்தப் பங்களாவுக்கு முன்னால் நின்றது என்பதெல்லாம் அதில் இருந்தன. நான்கு ஞாயிறுகளில் எல்லாவற்றையும் மறுபடி எழுதி முடித்தோம், இந்த முறை படங்களுக்கு உள்ளேயே. அம்மா எழுதிய குறிப்பைச் சுருக்காமல் அவர் சொற்களிலேயே தலைப்பில் சேர்த்தேன். நோட்டின் பக்கங்களையும் ஸ்கேன் செய்து தொகுப்பில் வைத்திருக்கிறேன்.

412இல் இன்னும் 31 படங்களுக்குப் பெயர் இல்லை. பெரும்பாலும் களத்தில் வேலை செய்தவர்கள் வரிசையாக நிற்கும் படங்கள். அம்மாவுக்கு முகம் தெரிகிறது, பெயர் வரவில்லை. நோட்டில் அந்த எண்களுக்கு எதிரே இடம் விட்டு வைத்திருக்கிறார். அப்பாவோடு வேலை பார்த்த மேஸ்திரி ஒருவர் இன்னும் ஏற்காட்டில் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். வரும் மாதம் டிஸ்கை மாற்றப் போகும்போது, அந்த 31 படங்களையும் பெரிய அளவில் காகிதத்தில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போகிறோம். அம்மாவும் வருகிறார். நோட்டையும் பேனாவையும் அவரே வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.